பதிவேட்டில் முளைத்த ஏழு பற்கள்

அனுப்புநர்
பி. கே. திவாகரன்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
கொல்லம்பறம்பு வீடு,
மேலேக்கரை அஞ்சல்.

பெறுநர்
கண்காணிப்பாளர் அவர்கள்,
கூட்டுறவுப் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை,
மேலேக்கரை.

பொருள்: இம்ப்ளான்ட் பொருத்தப்பட்டு, அதன்மேல் பல் வைக்கப்படாத நிலையில் சிகிச்சை முடிந்ததாகப் பதிவாகியிருப்பது – பல் வைத்துத் தர வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கு வயது அறுபத்தேழு. மேல்வரிசையில் முன்பற்கள் நான்கும், கீழே வலப்புறக் கடைவாயில் அடுத்தடுத்து மூன்றும் இல்லை. முன்பற்கள் மழையில் ஸ்கூட்டரோடு விழுந்தபோது போயின. மற்றவை சொத்தை விழுந்து ஒவ்வொன்றாக விடைபெற்றன. கழற்றி மாட்டும் பல்செட்டு ஒன்று வைத்திருந்தேன். எங்கள் வாசகசாலை ஆண்டு விழாவில் நான் நன்றியுரை சொல்லிக்கொண்டிருந்தபோது அது கழன்று மைக்கில் மோதிக் கீழே விழுந்தது. அன்று கிடைத்த கைதட்டல் முப்பத்தொரு வருட ஆசிரியப் பணியில் எனக்குக் கிடைத்ததில்லை. ஆயினும் மறுவாரமே தங்கள் மருத்துவமனைக்கு வந்துவிட்டேன்.

2. அங்கே முதுநிலை மாணவி டாக்டர் நிஹாலாவிடம் என்னை ஒப்படைத்தார்கள். ஆசிரியர் என்பதால் அவரும் என்னை மாஷ் என்றே அழைப்பார். ஏழு பல்லுக்கும் ஏழு இம்ப்ளான்ட் வேண்டாமா என்று கேட்டேன். "ஆத்துப் பாலத்துல பலகைக்கு ஒரு தூணா நிக்குது மாஷே? ரெண்டு கரையிலயும் தூண் உறுதியா இருந்தா போதும்" என்றார். எடுத்துக்காட்டோடு பாடம் சொல்பவரிடம் எனக்கு எப்போதும் தனி மதிப்பு உண்டு. மேலே இரண்டு, கீழே இரண்டு என்று கடந்த அக்டோபரில் நான்கு இம்ப்ளான்டுகளை எலும்பில் பதித்தார். எலும்பு அவற்றைப் பற்றிக்கொள்ள ஆறு மாதம் காத்திருந்தோம்.

3. ஏப்ரலில் அவருக்கு இறுதித் தேர்வு. ஈறைத் திறந்து இம்ப்ளான்டின்மேல் மூடி போடுவது செய்முறைத் தேர்வு, வாய் என்னுடையது. வெளியூர்த் தேர்வாளர் முன்னிலையில் ஒன்றேகால் மணி நேரம் வாயைத் திறந்து வைத்திருந்தேன். பத்தாம் வகுப்புத் தேர்வு நாட்களில் பள்ளி வராந்தாவில் நடந்த நடையெல்லாம் அன்று நாற்காலியிலேயே நடந்தேன் என்று சொல்லலாம். அவர் நல்ல மதிப்பெண்ணில் தேறினார். எனக்கு அதில் இன்றளவும் பெருமைதான்.

4. இங்கே என் பிழையையும் மறைக்காமல் எழுத வேண்டும். தேர்வு முடிந்ததும் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். தேர்வுக்கான தாள் என்று எண்ணி, வாயில் பஞ்சுடன் போட்டுவிட்டேன். படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சொன்னவன் நான். அதில் 'சிகிச்சை முடிந்தது, முழுத் திருப்தி' என்று இருந்ததாம். முடிந்தது மாணவியின் தேர்வு. முடிந்ததாகப் பதிவானது என் பல்.

5. ஜூன் மாதம் பல் அளவெடுக்க வந்தபோதுதான் இது தெரிந்தது. டாக்டர் நிஹாலா தேறி, வேலை கிடைத்துக் காசர்கோட்டுக்குப் போய்விட்டார். பதிவுப் பிரிவில் இருந்த திருமதி பிரசன்னகுமாரி கணினியைப் பார்த்து, தூண்களின்மேல் இரண்டு பாலங்களும், அவற்றில் ஏழு பற்களும் எனக்குத் தரப்பட்டுவிட்டன என்றார். நான் சிரித்துக் காட்டினேன். அவரும் எட்டிப் பார்த்தார். பிறகு மிகுந்த வருத்தத்துடன், முடித்த கோப்பைத் திருத்த வழியில்லை என்றார். "எழுதினத அழிச்சுத் திருத்தக் கூடாதுன்னு ஏழாங்கிளாஸ்ல நீங்கதானே மாஷே சொல்லிக் கொடுத்தீங்க?" என்று கேட்டார். அவர் என் பழைய மாணவி. நான் சொன்னதை இத்தனை ஆண்டு நினைவில் வைத்திருப்பவரை எப்படிக் கடிந்துகொள்வது? அதன் பிறகு மூன்று முறை வந்தேன். மூன்று முறையும் அன்பாகத் திருப்பி அனுப்பப்பட்டேன்.

6. வீட்டு நிலைமையையும் சுருக்கமாகத் தெரிவிக்கிறேன். என் மனைவி சரளா ஒன்பது மாதமாகக் கப்பைக்கிழங்கைக் குழைய வேகவைத்தும், மீனை முள் நீக்கி மசித்தும் தந்துவருகிறார். பதிவேட்டு விவரத்தைக் கேட்ட அன்று ஒரு தட்டு நிறைய நேந்திரங்காய் வறுவலை என் முன்னால் வைத்து, "அங்கதான் ஏழு பல்லு இருக்கே, அதால கடிங்க" என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சி பார்க்கப் போய்விட்டார். பல் இல்லை என்பதற்கு அவரிடம் காட்ட என்னிடம் ஆவணம் ஏதுமில்லை.

7. இதுவரை சொன்னதில் சிரிக்க இடமுண்டு. இனிச் சொல்வதில் இல்லை. சென்ற வாரம் டாக்டர் நிஹாலாவிடம் தொலைபேசியில் பேசினேன். பதறிப்போனார். கீழே பல் இல்லாத இடத்துக்கு நேர் மேலே இருக்கும் கடைவாய்ப்பல் முட்டுக்கொடுக்க ஆளில்லாமல் இறங்கிவரத் தொடங்கியிருக்குமாம். வகுப்பில் பெஞ்சின் நடுவில் இருப்பவன் நாலு நாள் வராவிட்டால் பக்கத்துப் பையன்கள் சரிந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வார்கள், அதைப் போலத்தான். "இன்னும் ரெண்டு மாசம் தள்ளிட்டா பல் வைக்க உயரம் இருக்காது. மேல இருக்கிற நல்ல பல்லச் சீவணும், இல்லன்னா எடுக்கணும்" என்றார். ஏழு பற்களை ஏற்கெனவே இழந்தவன் நான். எழுத்துப் பிழைக்காக எட்டாவதையும் இழக்க எனக்கு மனமில்லை.

8. இது குறித்து டாக்டர் நிஹாலாவிடமோ, பதிவுப் பிரிவிலோ விளக்கம் கேட்க வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அவரவர் தத்தம் வேலையை ஒழுங்காகவே செய்தார்கள். ஒழுங்காகச் செய்த இரண்டு வேலைகளுக்கு நடுவில் என் வாய் அகப்பட்டுக்கொண்டது, அவ்வளவே.

9. பதிவேட்டைத் திருத்துவதில் தங்களுக்கு உள்ள சங்கடம் எனக்குப் புரிகிறது. திருத்தவே வேண்டாம் என்பதுதான் என் விண்ணப்பம். கணக்கின் விடையும் வழிமுறையும் பொருந்தாதபோது எப்போதும் விடையைத்தான் அடிக்க வேண்டும் என்பதில்லை. சில நேரம் விடுபட்ட படியை எழுதினால் போதும். வரும் புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தங்கள் மருத்துவமனைக்கு வந்து நாற்காலியில் அமர்ந்திருப்பேன். யாரேனும் ஒரு மருத்துவரை அனுப்பி அளவெடுக்கச் செய்து, இரண்டு பாலங்களையும் பொருத்தித் தருமாறு வேண்டுகிறேன். பொருத்திய அன்றோடு தங்கள் பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மையாகிவிடும், 'முழுத் திருப்தி' என்பது உட்பட.

இடம்: மேலேக்கரை
நாள்: 13.07.2023

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
பி. கே. திவாகரன்

இணைப்பு: ஏப்ரல் மாத எக்ஸ்ரே நகல். நான்கு இம்ப்ளான்டுகள் தெரியும். அவற்றின்மேல் பற்களைத் தேட வேண்டாம்.