குர்லிக்காக நான் நீட்டிய கை

பிப்ரவரி 11, செவ்வாய்

இரட்டையர் ஆய்வுக்காக நானும் குர்லியும் ஓடென்சே நகர ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். மார்பில் ஒயர்களை ஒட்டி இருவருக்கும் இ.சி.ஜி. எடுத்தார்கள். அந்தக் கோடுகளை வைத்துக் கம்ப்யூட்டர் இதயத்தின் வயதைச் சொல்லுமாம். ரத்தத்தை வைத்து உடம்பின் வயது தனியாக. இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்பதுதான் ஆராய்ச்சி.

குர்லிக்கு ஊசி என்றாலே உயிர் போய்விடும். "ரத்தம் குடுக்க நீயே ரெண்டு தடவை போயிட்டு வாடி, ஒரே முகம்தானே" என்றாள். பள்ளிக்கூடத்தில் பல் டாக்டரிடம் செய்த அதே வேலை. அவளுடைய சிவப்பு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு மற்ற கையை நீட்டினேன். மரபணுகூட ஒன்றுதான், யார் கண்டுபிடிப்பார்கள்? ரயிலில் வீடு வரும்வரை சிரித்தோம்.

மார்ச் 6, வியாழன்

முடிவு வந்துவிட்டது. எங்களுக்கு அறுபத்து நான்கு வயது. என் இதயத்துக்கு அறுபதாம். குர்லியின் இதயத்துக்கு எழுபத்தேழு! ரத்தம் மட்டும் இருவருக்கும் ஐம்பத்தொன்பது. பின்னே, இரண்டும் என் ரத்தம்தானே?

ஆய்வை நடத்தும் இளம் டாக்டர் மால்தேவுக்குத் தலைகால் புரியவில்லை. "ஒரே ரத்தம், வேற வேற இதயம்! இப்படி ஒரு ஜோடிய நான் பாத்ததே இல்ல." குர்லியிடம், "ரத்தமும் வயசாயிருக்குன்னு சொல்லியிருந்தா இன்னைக்கே மேல பரிசோதனைக்கு அனுப்பியிருப்பேன். கம்ப்யூட்டர் சில சமயம் தப்பாச் சொல்லும். அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார்.

குர்லி என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

வழக்கமான கடல் குளியல். தண்ணீரிலிருந்து மேடைக்கு ஏணியில் ஏறும்போது குர்லி கையை விட்டுவிட்டாள். கண் இருட்டிவிட்டதாம். கீழே நான் இருந்தேன், பிடித்துக்கொண்டேன். நல்லவேளை.

"தண்ணி ஜில்லுனு இருந்துச்சு, அவ்வளவுதான்." இத்தனை வருஷமாக ஜில்லென்றுதானே இருக்கிறது?

மால்தேவிடம் சொல்லிவிடலாம் என்றேன். "சொன்னே, அப்புறம் என் மூஞ்சில முழிக்காத. இந்த வயசுல ஏமாத்துக்காரின்னு பேர் வாங்கணுமா?"

எனக்கே பயமாக இருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

மால்தேவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். ஏணி விஷயத்தையும்.

"அப்ப ரெண்டுமே உங்க ரத்தமா?"

"ஆமா."

பெருமூச்சு. "என் கட்டுரை போச்சு." உடனே குரல் மாறிவிட்டது. "நாளைக்குக் காலையில அவங்களக் கூட்டிட்டு வாங்க. இந்தத் தடவை அவங்க கைதான், சரியா?" ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. நல்ல பிள்ளை.

விஷயம் தெரிந்ததும் குர்லி தன் வீட்டுக் கதவைத் திறக்கவில்லை. தெருவில் நின்று கத்தினேன் — "நீ போயிட்டா நான் யாரோடடி சண்ட போடுவேன்?" எதிர்வீட்டு நாய் குரைத்தது. கதவு திறந்தது.

மார்ச் 12, புதன்

அவளே கையை நீட்டினாள், முகத்தை என் தோளில் புதைத்துக்கொண்டு. ரத்தத்தின் முடிவுக்குக் காத்திராமல், இதயத் துடிப்பைப் பதிவுசெய்யும் சிறு கருவியை மார்பில் ஒட்டி அனுப்பினார் மால்தே.

மார்ச் 20, வியாழன்

கருவி காட்டிவிட்டது. பட்டப்பகலில், என் எதிரே உட்கார்ந்து காபி குடிக்கும்போதே, அவளுடைய இதயம் நின்று நின்று ஓடியிருக்கிறது. நான் ஏதோ வளவளவென்று பேசிக்கொண்டிருந்திருப்பேன். நாளை பேஸ்மேக்கர் வைக்கிறார்கள்.

மார்ச் 21

நல்லபடியாக முடிந்தது. கண் விழித்ததும், "உன் தலைமுடி ஏன் இப்படி இருக்கு?" என்றாள். அழுதுவிட்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

அவளுடைய சொந்த ரத்தம் சொன்ன வயது எழுபத்தொன்று. இதயமும் ரத்தமும் ஒரே பக்கம்தான் சாய்ந்திருக்கின்றன. நடுவில் பொய் சொன்னது என் ரத்தம். "நீங்க மட்டும் சொல்லலைன்னா..." என்று ஆரம்பித்த மால்தே பாதியில் நிறுத்திக்கொண்டார். நன்றி சொன்னேன். எழுபத்தேழு என்று பிடிவாதமாகச் சொன்ன அந்தக் கம்ப்யூட்டருக்கும் சேர்த்துத்தான்.

ஜூன் 9, திங்கள்

எங்கள் பிறந்தநாள். எங்கள் ஊர் வழக்கப்படி மேஜையில் சின்னக் கொடி, ஸ்ட்ராபெரி கேக். காலையில் இருவரும் கடலில் இறங்கினோம். ஏணியில் அவள் முதலில், நான் கீழே.

"என் இதயம் புத்தம் புதுசு. இனிமே நீதாண்டி கிழவி."

"பேட்டரி போட்டவளுக்குப் பெருமையப் பாரு!"

பாத்திரம் கழுவுவது யார் என்று பெரிய சண்டை. கடைசியில் நான்தான் கழுவினேன். பக்கத்தில் நின்றுகொண்டு, சோப்பு அதிகம், தட்டில் கறை, இப்படியா கழுவுவார்கள் என்று குற்றம் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

வேண்டுமென்றே மெதுவாகக் கழுவினேன்.