உட்பக்கம் பெயர்ந்த எலும்பு

மல்காஜ்கிரி,
ஹைதராபாத்.

அன்புள்ள பாமாவுக்கு,

இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. உன் முழங்கால் வலிக்கு மருந்து கூரியரில் அனுப்பியிருக்கிறேன். நான் சமைத்ததை நானே தின்று தொலைக்கிறேன். போன் செய்தால் வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

நம் வெங்கட்டின் மண்டை எலும்பைப் பார்த்தேன். வழக்குக்காக லேபில் எடுத்து வைத்திருந்த இரண்டு துண்டுகள். மருமகள் சபீனாவின் வக்கீல் பாலச்சந்திரன் கோர்ட்டில் அனுமதி வாங்கி அழைத்துப் போனார். காலமெல்லாம் மாணவர்களுக்குப் பிரேதப் பரிசோதனை சொல்லிக்கொடுத்தவன், அங்கே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முதலில் பரிசோதித்த டாக்டர் தோலை மட்டும் பார்த்திருக்கிறார். இடது பொட்டில் சிறிய ஓட்டை, வலது பொட்டில் பெரிய கிழிசல். சிறியதில் குண்டு நுழைந்தது, பெரியதில் வெளியேறியது என்று எழுதிவிட்டார். வலது கைக்காரன் தன் இடது பொட்டில் சுட்டுக்கொள்வானா என்று போலீஸ் கேட்டது. துப்பாக்கி சபீனாவின் அப்பாவுடையது, வீட்டில் இருந்தவளும் அவள் ஒருத்திதான். பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். நீயும் அவளைக் கொலைகாரி என்றாய்.

எலும்பு வேறு சொல்கிறது. பலகையில் ஆணி அடித்தால் மறுபக்கம்தான் சிராய் பெயரும். வலது எலும்பு உட்பக்கம் பெயர்ந்திருக்கிறது, இடது எலும்பு வெளிப்பக்கம். குண்டு வலதில் நுழைந்து இடதில் வெளியேறியிருக்கிறது. வலது ஓட்டையைச் சுற்றிக் கரி. குழலைத் தலையில் அழுத்தி வைத்துச் சுட்டால் வாயு உள்ளே புகுந்து தோலைக் கிழித்துவிடும். அதுதான் அந்தப் பெரிய காயம். அவன் வலது கையிலும் கரியும் ரத்தத் துளிகளும் இருந்ததாக அதே ரிப்போர்ட்டில் இருக்கிறது. யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. அவனேதான், பாமா. மாதாப்பூர் கம்பெனி வேலை போனதை நம்மிடம் மறைத்தவன், இதையும் மறைத்துக்கொண்டே போய்விட்டான்.

சிறையில் சபீனாவிடம் சொன்னேன். நக்கோ மாமா, அத்தையிடம் சொல்ல வேண்டாம், நான் கொன்றேன் என்று நினைத்தால் அத்தை கோபத்திலாவது உயிரோடு இருப்பார்கள், அவரேதான் என்று தெரிந்தால் தாங்கமாட்டார்கள் என்றாள். அந்தப் பெண்ணுக்கு இருக்கும் இரக்கம் நமக்கு இல்லாமல் போயிற்றே.

திங்கட்கிழமை சாட்சிக் கூண்டில் ஏறுகிறேன். என் பிள்ளை தன்னைத்தானே சுட்டுக்கொண்டான் என்று என் வாயால் சொல்லப் போகிறேன். அதை நீ வேறு யார் மூலமும் கேட்கக்கூடாது.

அவளுக்குத் தண்டனை கிடைத்த பிறகுதான் கரைப்பேன் என்று அஸ்திச் சொம்பைத் திருவையாற்றுக்கு எடுத்துப் போனாய். வழக்கு முடிந்தால் இந்தத் துண்டுகளை என்னிடம் கொடுப்பார்கள். இவையும் சேர்ந்தால்தான் நம் பிள்ளை முழுசாக ஆற்றுக்குப் போவான். நான் கொண்டு வருகிறேன். சபீனாவும் என்னோடு வருவாள். கதவை மட்டும் சாத்திவிடாதே, பாமா.

உன்,
பத்மநாபன்