ஜீப்புச் சாவி ஆணியில இல்ல

சாயிமா வாப்பா,

அசந்து தூங்குதிய, எழுப்ப மனசு வரல. இடியாப்பம் ஹாட்பாக்ஸ்ல இருக்கு. மீன் சால்னாவ மட்டும் சூடு பண்ணிக்கிடுங்க. ஹமீது காக்கா அவங்க ஜாக்கிய வாங்க வருவாங்க, கதவுக்குப் பின்னாடி வச்சிருக்கேன். சாயா கொடுக்காம அனுப்பிராதிய.

பாலத்து எறக்கத்துல பிரேக் பிடிக்காமப் போன அன்னைக்கு, அந்தப் பழைய ஜீப்ப இரும்பு வெலைக்கு பங்கார்க்காரன்ட்ட போடுங்கன்னு கத்தினேன். எம்புள்ளைய இனிமே அதுல ஏத்த மாட்டேன்னும் சொன்னேன். அதுக்குப் பெறவு நீங்க எங்கிட்ட பேசவே இல்ல. நேத்து பிரேக் பைப்புல காத்து எடுக்க ஆள் வேணும்னதும், வேற வழியில்லாம கூப்பிட்டிய. நான் மேல உக்காந்து பெடல மிதிக்க, நீங்க அடியில படுத்துக்கிட்டு "மிதி, பிடி, விடு"ன்னிய. அம்புட்டுதான் பேச்சு.

ஆனா நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். எல்லா மெக்கானிக்கும் பிரேக் ஷூவயே மாத்திக்கிட்டு இருந்தானுவ. நீங்க ஒராளுதான் அத மோந்து பாத்து, பின் ஆக்சில்ல ஆயில் கசிஞ்சு ஷூவ நனைக்குதுன்னு கண்டுபிடிச்சிய. ஆயில் சீல் மாத்துன கையோட, நல்லா இருந்த அடுத்த சக்கரத்தையும் கழட்டிப் பாத்திய. என்னா பொறும! அதுல கொஞ்சம் எங்கிட்டயும் காட்டலாம்.

செம்பூர்ல எங்கூடப் பொறந்த லாத்தா வீட்டுக்குப் போறேன். மத்தியானம் வந்துருவேன்.

நுஸ்ரத்

சொல்ல மறந்துட்டேன், சாவியத் தேடாதிய. ஜீப்பத்தான் எடுத்துட்டுப் போறேன். காலையிலேயே சந்து முனை வரைக்கும் ஓட்டி, பிஸ்மி சொல்லி ஒரு மிதி மிதிச்சுப் பாத்தேன். ஒரு பக்கமா இழுக்காம நேரா நின்னுச்சு.

சாயிமாவையும் கூட்டிக்கிட்டுத்தான் போறேன்.