பாதி மாத்திரை போதும் என்ற அப்பாவுக்கு

என் அன்பான அப்பாவுக்கு,

அடுத்த மாதம் உங்களுக்கு முதல் வருஷத் திதி. வருகிறவர்களுக்குக் கொடுக்க, கோபியில் இருக்கும் சித்தப்பா ஒரு சின்னப் புத்தகம் அச்சடிக்கப் போகிறார். உறவினர் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் ஆரோக்கியக் குறிப்பு என்று பேசி அனுப்பினீர்களே, அதையெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதிவிட்டாராம். முன்னுரையை மகள் எழுதினால்தான் பொருத்தமாக இருக்கும் என்றார். உட்கார்ந்தேன். முன்னுரை வரவில்லை, இந்தக் கடிதம்தான் வந்தது.

யாருக்கும் கெடுதல் நினைக்காத மனிதர் என்று ஆரம்பிக்கச் சொன்னார் சித்தப்பா. நீங்கள் கெடுதல் நினைக்கவில்லை, சரி. நினைக்காமலேயே செய்துவிட்டுப் போனீர்கள்.

மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர் நீங்கள். ஈரோட்டில் இருந்தவரை ஒரு காய்ச்சல் வந்தாலும் ஒழுங்காக டாக்டர் வீட்டு வாசலில் வரிசையில் உட்காருவீர்கள். கச்சிபௌலிக்கு, என் வீட்டுக்கு வந்த பிறகுதான் உங்களுக்கு வைத்தியப் பைத்தியம் பிடித்தது. தெலுங்கு தெரியாது. அபார்ட்மென்ட்டைச் சுற்றிக் காலையில் நடக்கிற பெரியவர்களோடு பேச உங்களிடம் வேறு விஷயமும் இல்லை. வெந்தயத் தண்ணீருக்கும் சுரைக்காய்ச் சாற்றுக்கும் மொழி தேவைப்படவில்லை. வயிற்றைத் தொட்டும் நெஞ்சைத் தொட்டும் நீங்கள் காட்ட, அவர்கள் தலையாட்டினார்கள். செக்யூரிட்டிகூட ‘டாக்டர் சாப்’ என்று சலாம் போட ஆரம்பித்தார். அன்று உங்கள் முகம் எப்படி மலர்ந்தது என்று பார்த்தவள்தான் நான். இத்தனை வருஷ வேலையில் உங்களுக்குக் கிடைக்காத மரியாதை அது என்பதும் தெரியும். அதற்காக இரக்கப்பட இப்போது எனக்கு மனசு வரவில்லை.

நடக்கச் சொன்னீர்கள். உப்பைக் குறைக்கச் சொன்னீர்கள். நேரத்தோடு படுக்கச் சொன்னீர்கள். எல்லாம் நல்ல பேச்சு, நானே கேட்டு நடந்தேன். அதோடு நின்றிருக்கலாமே அப்பா? மாத்திரைப் பெட்டியில் ஏன் கை வைத்தீர்கள்?

உங்களுக்கும் பிபி, அம்மாவுக்கும் பிபி. ஆளுக்கு ஒரு முழு மாத்திரை என்றுதான் டாக்டர் எழுதியிருந்தார். மாத்திரை கிட்னியைத் தின்றுவிடும் என்று யாரோ அனுப்பியதை அப்படியே நம்பினீர்கள். “ஒரே வூடு, ஒரே சோறு, ஒரே பிபி. ஆளுக்கொண்ணு எதுக்கு?” என்று சட்டம் போட்டீர்கள், அதையே குழுவிலும் பேசி அனுப்பினீர்கள். காலையில் காபி குடித்ததும் பாக்குவெட்டியை எடுத்து ஒரு மாத்திரையை இரண்டாக நறுக்குவீர்கள். அம்மா கையை நீட்டுவாள். அவளுக்குப் பாதி, உங்களுக்குப் பாதி. நான் கத்தாத கத்தலா? “முழுசாப் போட்டப்ப இருந்த தலைசுத்தல் நின்னு போச்சு அம்மிணி. ஒடம்பு சொல்றதக் கேட்டாப் போதும்” என்றீர்கள். அம்மா சிரித்துக்கொண்டே உங்கள் பக்கம் நின்றாள்.

உடம்பு ஒன்றும் சொல்லவில்லை அப்பா. பிபி ஏறுவது பல பேருக்குத் தெரியவே தெரியாது, அதனால்தான் மாத்திரையை நிறுத்தவோ குறைக்கவோ தோன்றினால் என்னைக் கேளுங்கள் என்று டாக்டர் முதல் நாளே சொன்னார். தலை சுற்றுகிறது என்று அவரிடம் போய்ச் சொல்லியிருந்தால் வேறு மாத்திரை கொடுத்திருப்பார். போனீர்களா? ஒரு காலையில் நடைக்குக் கிளம்ப ஷூ மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. பிபி கட்டுக்கடங்காமல் போய் மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதை என்னிடம்தான் சொன்னார்கள். தலையில் அடித்துக்கொண்டு அழுகிற அம்மாவிடம் போய் அதை எப்படிச் சொல்வது? விதி வந்தது, போய்விட்டார் என்று அம்மா தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

கீழே வண்டி நிறுத்தும் செல்லாரில், கார்களுக்கு நடுவே, உங்களைக் குளிர்பெட்டியில் வைத்திருந்தோம். உங்கள் நடைக்கூட்டாளி ஒருவர் வந்தார். மாலை போட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, மருதம்பட்டைக் கஷாயம் குடித்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று இங்கிலீஷில் விளக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அடிக்காமல் விட்டது பெரிய விஷயம். உங்களிடம் கற்றதைத்தானே அவர் உங்கள் தலைமாட்டில் நின்று ஒப்பித்தார்?

போன வாரம் புத்தகத்துக்கு உங்கள் போட்டோ வேண்டும் என்று சித்தப்பா கேட்டார். அலமாரியில் தேடும்போது உங்கள் மாத்திரைப் பெட்டி கையில் பட்டது. நீங்கள் போனதிலிருந்து யாரும் தொடவில்லை என்று நினைத்துத் திறந்தேன். உள்ளே பாதி பாதியாக மாத்திரைகள் நிறைந்து கிடந்தன. அத்தனையும், இனியாவது முழுசாகப் போடுவாள் என்று நம்பி, அம்மாவுக்கு மாதாமாதம் நான் வாங்கி வந்தவை.

“என்னம்மா இது?”

“அவரு பங்கு கண்ணு. நறுக்குனா மிச்சமாகுதல்ல, அதான் அதுல போட்டு வெக்கறேன்.” மோர் கலக்கிக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னாள்.

“அப்ப நீ இத்தன நாளும் பாதிதான் போடறியா?”

“உங்கப்பா அப்பிடித்தான குடுப்பாரு.”

நீங்கள் போய்விட்டீர்கள், உங்கள் ஆலோசனை மட்டும் போகாமல் என் வீட்டில் உட்கார்ந்து அடுத்த ஆளுக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. லீவு போட்டுவிட்டு அம்மாவை மாதாப்பூர் டாக்டரிடம் அழைத்துப் போனேன். உங்களைப் பார்த்தவர் இல்லை, இவர் புதியவர். பிபி பார்த்தார். நம்பாமல் மறுபடியும் பட்டையைச் சுற்றிப் பார்த்தார். “ஹாஃப் வேசுகோமனி எவரு செப்பாரு?” என்றார். பாதி போடச் சொன்னது யார் என்று கேட்கிறார் என்று அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “எங்க வூட்டுக்காரருங்க” என்றாள். அந்தக் குரலில் ஒரு பெருமை வேறு.

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. அடுத்த முறை அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், நான் பேசுகிறேன் என்று தெலுங்கில் சொன்னார். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அதைத் தமிழில் சொல்ல வேண்டிய நிலையில் என்னைக் கொண்டுவந்து நிறுத்தியது நீங்கள்தான்.

“அப்பாவக் கூட்டிட்டு வரச் சொல்றாரும்மா” என்றேன்.

அவள் டாக்டரையும் மேஜை மேலிருந்த பிபி கருவியையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்மாவுக்குப் படிப்பு கம்மியாக இருக்கலாம், புத்தி கம்மியில்லை. “பாதி போட்டதுனாலதான் அவரு போனாரா கண்ணு?” என்று கேட்டாள். இந்த முறை என்னால் மழுப்ப முடியவில்லை. ஆமாம்மா என்றேன்.

திரும்பும் வழியில் வண்டி கச்சிபௌலி நெரிசலில் மாட்டிக்கொண்டு நின்றது. ஜன்னல் பக்கம் பார்த்தபடியே அம்மா மெதுவாகக் கேட்டாள். “அப்ப அவரு பாதிய நாந்தான் தின்னுட்டனா?”

அப்பா, நீங்கள் போனதைக்கூட ஒருநாள் மன்னித்துவிடுவேன். இந்தக் கேள்வியை அம்மா கேட்கும்படி செய்ததை மன்னிக்க மாட்டேன். அவளுக்குப் பாதி கொடுத்ததைப் பாசம் என்று நினைத்துத்தானே அவள் இத்தனை நாள் கை நீட்டினாள்?

“நீ எதையும் திங்கலம்மா. ஆளுக்கொண்ணு எழுதியிருந்தாங்க. அவரோடதையும் வேண்டாம்னாரு, உன்னோடதையும் வேண்டாம்னாரு. ரெண்டும் அவரு பண்ணுனது.”

அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்தோம். செருப்பைக் கழற்றும்போது, “அந்தப் பொஸ்தகம் வேண்டாம்னு உங்க சித்தப்பங்கிட்டச் சொல்லீரு. நாஞ் சொன்னேன்னே சொல்லு” என்றாள். நீங்கள் சொன்ன எதையும் மறுத்து அம்மா ஒரு வார்த்தை பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

சித்தப்பாவுக்கு வருத்தம். இருக்கட்டும். திதிக்கு வருகிறவர்கள் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும், உங்கள் குறிப்பு எதையும் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். இந்தக் கடிதத்தை நீங்கள் பேசிய அதே குழுவில் போடுகிறேன். உங்களைக் கேட்டு மாத்திரையைக் குறைத்தவர்கள் அங்கே இன்னும் எத்தனை பேரோ, எனக்குத் தெரியாது. அவர்கள் இதைப் படித்துவிட்டு டாக்டரிடம் போகட்டும்.

நீங்கள் அம்மாவின் கனவில் அடிக்கடி வருகிறீர்களாம். வாருங்கள், நான் தடுக்கவில்லை. ஊர்க்கதை பேசுங்கள், அவளைச் சிரிக்க வையுங்கள். மாத்திரையைப் பற்றி மட்டும் வாய் திறக்கக் கூடாது. திறந்தீர்கள் என்று தெரிந்தால் நான் உங்களோடு சண்டைக்கு வருவேன். தினமும் காலையில் அவள் முழுசாக விழுங்கும்வரை எதிரில் நின்றுவிட்டுத்தான் ஆபீசுக்குக் கிளம்புவேன். உங்களை என்னால் காப்பாற்ற முடியவில்லை. அம்மாவை உங்களிடமிருந்து காப்பாற்றுவேன், இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் ஒரே மகள்