நாய் பார்த்த பக்கம்

விசேலியா,
பிப்ரவரி 4, 1957

மதிப்பிற்குரிய ஆரின்,

ஒன்பது வருடத்துக்குப் பிறகு என் கையெழுத்தைக் கண்டதும் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்துவிடாதீர்கள். நான் நன்றாகவே இருக்கிறேன். அதே பள்ளிக்கூடம், அதே வகுப்புகள். மூன்று வாரமாக மூடுபனி. எதிர்வீடு இருக்கிறது என்பதே நம்பிக்கையின் பேரில்தான்.

இத்துடன் இருப்பது விவாகரத்துப் பத்திரம். பிரிந்து ஒன்பது வருடம் ஆகியும் நாம் இருவருமே இதைச் செய்யவில்லை. இப்போது செய்ய வேண்டியிருக்கிறது. எங்கள் பள்ளியின் துணை முதல்வர் ஹால்வர்சன், மனைவியை இழந்தவர், என்னை மணந்துகொள்ளக் கேட்டிருக்கிறார். இன்னும் பதில் சொல்லவில்லை. சொல்வதற்கு முன் சட்டப்படி தனியாளாக இருப்பதுதான் மரியாதை. பென்சிலால் குறியிட்டிருக்கும் மூன்று இடங்களில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். மார்ச் பதினைந்தாம் தேதி வக்கீலிடம் கொடுக்க வேண்டும்.

ஹால்வர்சன் பேசுகிறவர். சூப் நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்கிறார். உங்களைக் குத்துவதற்காக இதை எழுதவில்லை. கொஞ்சம் குத்துவதற்காகத்தான்.

செனட்டர் இருக்கிறதா? வாத்துக்கு ஆயுள் கெட்டி என்று நீங்கள்தான் சொல்வீர்கள்.

இப்படிக்கு,
வெர்னா


நியூஹால்,
பிப்ரவரி 11

வெர்னா,

'மதிப்பிற்குரிய' என்று பார்த்ததும் வரி ஆபீஸிலிருந்து வந்ததாக்கும் என்று இரண்டு நாள் மேஜைமேல் போட்டுவைத்தேன். என்னைப் போய் நீங்கள், வாருங்கள் என்று எழுதியிருக்கிறாய். கொட்டகையைச் சுற்றிப் பார்த்தேன், வேறு யாரும் இல்லை.

செனட்டர் போன இலையுதிர் காலத்தில் போய்ச் சேர்ந்தது. கடைசி வாரத்திலும் தபால்காரரைக் கடித்தது. நாய்கள் நான்கு இருக்கின்றன, ஒரு கோவேறு கழுதை, மேபெல் என்று ஓர் ஆடு. எப்போதாவது சோப்பு விளம்பரத்துக்குக் கூப்பிடுகிறார்கள். நாய் துண்டை இழுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பத்திரத்தில் ஒரு சிக்கல். மேபெல் முதல் பக்கத்தைத் தின்றுவிட்டது. வக்கீலிடம் இன்னொன்று கேட்டு அனுப்பு. கட்டாயம் போட்டுத் தருகிறேன்.

நம் பழைய படங்களை டெலிவிஷனில் போடுகிறார்கள். வரும் சனிக்கிழமை மூன்று மணிக்கு 'மிஸ் பிரெண்டிஸின் மூன்றாவது கல்யாணம்'. உன்னிடம் பெட்டி இருக்கிறதோ என்னவோ. இல்லாவிட்டால் பரவாயில்லை.

ஹால்வர்சன் நல்லவராக இருக்கட்டும்.

ஆரின்


விசேலியா,
பிப்ரவரி 19

அன்புள்ள ஆரின்,

நீ என்றே எழுதுகிறேன். வீண் நடிப்பு எதற்கு?

பத்திரத்தை ஆடு தின்றது என்று என்னிடமா சொல்கிறாய்? நம் மூன்று படங்களில் ஆடு கல்யாணப் பத்திரத்தைத் தின்றிருக்கிறது. காகிதத்தில் வெல்லப்பாகு தடவினால்தான் அது வாய்வைக்கும், இல்லாவிட்டால் முகர்ந்துகூடப் பார்க்காது. பாகு டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். புதுப் பத்திரம் இதோ. இதை உயரத்தில் வை.

படம் பார்த்தேன். என்னிடம் பெட்டி இல்லை. பக்கத்து வீட்டுத் திருமதி பச்சேகோவிடம் இருக்கிறது. அவருக்கு நான் சினிமாவில் இருந்தவள் என்று சொன்னாலே சிரிப்பு.

"நீ எங்கம்மா இதுல? அந்த வாத்தா?" என்றார்.

"நான் கேமராவுக்கு இந்தப் பக்கம். யாரு எந்தக் கையில கப்பைப் பிடிச்சாங்க, எந்தப் பட்டன் திறந்திருந்துதுன்னு எழுதிவைக்கிற வேலை."

"அப்ப புருஷன்?"

"நாயைப் பழக்குறவர். அவரும் இந்தப் பக்கம்தான்."

"ஒரு குடும்பமே சினிமாவுல இருந்து, ஒரு தடவைகூடத் தலையைக் காட்டலையா? எங்க மாடே ஒரு தடவை பேப்பர்ல வந்துச்சு."

ஒன்பது நாளில் எடுத்த படம். இரண்டாம் நாள் கதாநாயகனின் மூக்கைச் செனட்டர் கடித்து, மீதி ஏழு நாளும் அவனைப் பக்கவாட்டிலேயே எடுத்தோம். அது தெரிகிறது. கேக்குக்குள் பன்றி விழும் காட்சியில் பச்சேகோ அம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம்தான் நம் நாய் வால்டரைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

ஆரின், வால்டர் எவ்வளவு நல்ல நாய் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவே இல்லை. கேமரா ஓடும்போது என் கண் வசனத்தாளிலும் கடிகாரத்திலும் இருக்கும். நாயை நான் பார்த்ததே இல்லை. பேசும்படம் வந்த பிறகு நீ வாய் திறக்கக் கூடாது, கைஜாடைதான். அதனால் வால்டர் உன் கையை விட்டுக் கண்ணை எடுக்காது. கதாநாயகியை உருகிப் பார்க்கிறது என்று ஊர் நினைக்கும். அது அவள் தோளுக்குப் பின்னால் நிற்கும் உன்னைப் பார்க்கிறது. இது புரிந்ததும் எனக்குப் படமே வேறாகிவிட்டது. அறைக்கு அறை உன்னைத் தேடினேன். வரவேற்பறையில் நீ திரைச்சீலைக்குப் பின்னால். படகில் உன்னைத் தரையில் படுக்கவைத்திருக்கிறார்கள். ஒன்றில்கூட நீ இல்லை, ஆனால் எங்கே இருந்தாய் என்று என்னால் விரல் நீட்டிச் சொல்ல முடிந்தது.

அப்புறம் ரயில் நிலையக் காட்சி. அவள் பெஞ்சில் உட்கார்ந்து நாயிடம் விடைபெறுகிறாள். வால்டர் அவளை நிமிர்ந்து பார்க்க வேண்டும். பார்க்கவில்லை. கேமராவுக்கு இடப்பக்கம், ஒரு ஸ்டூல் உயரத்துக்குச் சற்று மேலே, வேறு எங்கோ பார்க்கிறது. கடைசிவரைக்கும்.

எனக்கு அந்த நாள் நினைவிருக்கிறது. இயக்குநர் கிளெம் கத்தினார்: "நாய் யாரைய்யா பாக்குது? ஆரின் எங்க தொலைஞ்சான்?" ஃபிலிம் மிச்சமில்லை என்று அதையே வைத்துக்கொண்டார். 'நாயின் பார்வை தவறு. பயிற்சியாளர் இடத்தில் இல்லை' என்று அறிக்கையில் நானே எழுதினேன். வீட்டுக்கு வரும் வழியில், "எங்க போயிட்ட?" என்று கேட்டேன். "கால் வலிச்சுது" என்றாய்.

கேமராவுக்கு இடப்பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது நான்.

நீ எங்கே நின்றாய்? இது எனக்குத் தெரிய வேண்டும். அப்போது நமக்குக் கல்யாணமாகி மூன்று வருடம். பதினோரு வருடம் உன்னோடு இருந்தேன், ஒருநாள்கூட நீ என்னை நிமிர்ந்து பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அந்த ஞாபகத்தை நம்பித்தான் வீட்டை விட்டே வந்தேன். தவறாக இருந்தால் சொல்லிவிடு.

வெர்னா


நியூஹால்,
பிப்ரவரி 26

அன்புள்ள வெர்னா,

உன் ஸ்டூலுக்குப் பின்னால்தான் நின்றேன்.

அந்தப் பொண்ணின் தோளுக்குப் பின்னால் நின்றால் விளக்கு கண்ணில் அடிக்கும், உன்னைத் தெரியாது. காலையிலிருந்து அங்கேயே நின்றிருந்தேன். ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று சுற்றி வந்தேன். அதற்குள் 'ஆக்‌ஷன்' சொல்லிவிட்டார்கள். அசைந்தால் சத்தம் கேட்கும். நீ பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். காதுக்குப் பின்னால் மை. நாய் என்னைக் காட்டிக்கொடுத்தது. அந்தப் படத்தில் மட்டும் இல்லை, இன்னும் இரண்டில் உண்டு. தேட வேண்டாம்.

வீட்டில் பார்க்கலாமே என்று கேட்பாய். வீட்டில் பார்த்தால் "என்ன?" என்று கேட்பாய். பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கேட்டதால் இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். விசேலியா வேலைக்கு ஆர்டர் வந்த அன்று நீ சமையலறை வாசலில் நின்று, "போகட்டுமா, இருக்கட்டுமா? ஏதாவது சொல்லேன்" என்றாய். நான் வாளியை எடுத்துக்கொண்டு கழுதைக்குத் தண்ணீர் காட்டப் போனேன். நீ என்ன நினைத்திருப்பாய் என்று தெரியும்.

மிரண்ட மிருகத்தைக் கூப்பிடக் கூடாது, வெர்னா. கூப்பிட்டால் ஓடும். கைநீட்டினால் இன்னும் ஓடும். கதவைத் திறந்துவைத்து, முதுகைக் காட்டி, வேறு வேலை இருப்பதுபோல் நிற்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் தானே வந்து தோளை முட்டும். பதினாறு வயதிலிருந்து இதைத்தான் செய்கிறேன், ஒருமுறையும் பொய்த்ததில்லை. அதற்கு முன் உன்னை அப்படி மிரண்ட கண்ணோடு நான் பார்த்ததே கிடையாது. எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். கழுதைப் பட்டியில் திரும்பாமல் நின்றேன். தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. கார் கிளம்புகிற சத்தம் கேட்ட பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன்.

பாகு விஷயம் சரி. நான்தான் தடவினேன். அப்படியும் மேபெல் முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டது. இந்த முறை மூன்று இடத்திலும் போட்டிருக்கிறேன். தேதிக்கு முன்னாலேயே உனக்குக் கிடைக்கும்.

பேசுகிற ஆளோடு இரு. அது நல்லதுதான்.

ஆரின்


விசேலியா,
மார்ச் 5

என் ஆரின்,

பத்திரம் வந்தது. மூன்று இடத்திலும் சரியாகப் போட்டிருக்கிறாய். உன் கடிதத்தைத்தான் எத்தனை தடவை படித்தேன் என்று சொல்லமாட்டேன்.

நான் கழுதை இல்லை. இதை முதலில் எழுதிவிட வேண்டும். கோபம் வருகிறது, எழுந்து போய்ப் பாத்திரம் துலக்குகிறேன், திரும்பி வந்து உட்கார்ந்தால் சிரிப்பு வருகிறது. அதற்குப் பின் வருவதை எழுதத் தெரியவில்லை. நான் வாசலில் நின்று பத்து எண்ணினேன். பிறகு இருபது எண்ணினேன். நீ முதுகைக் காட்டியே என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாய், நானோ அதைப் போகச் சொல்கிறாய் என்று படித்தேன். ஒன்பது வருடம், ஆரின். நீ இன்னும் அப்படியே திரும்பி நின்றுகொண்டிருக்கிறாய். கையெழுத்துப் போட்டு அனுப்பியதும் அதேதான். கதவைத் திறந்துவிட்டு முதுகைக் காட்டுகிறாய்.

ஹால்வர்சனிடம் நேற்று பேசினேன். பள்ளி முடிந்து, வராந்தாவில், எல்லாவற்றையும் சொன்னேன். நாயின் பார்வையைக்கூட. நிதானமாகக் கேட்டார். "நீங்க என்கிட்ட 'சரி'ன்னும் சொல்லல, 'இல்ல'ன்னும் சொல்லல. நாலு மாசமா நான் சூப்பைப் பாராட்டிக்கிட்டிருக்கேன்" என்றார். பிறகு, "பதினஞ்சாம் தேதி வரைக்கும் காத்திருக்கேன். அதுக்கு மேல ரெண்டு பேருக்கும் நல்லதில்ல" என்று தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். அவரிடம் குறை கண்டுபிடிக்க முயன்றேன். சூப்பை உறிஞ்சும்போது சத்தம் வருகிறது. அவ்வளவுதான்.

எனக்கு நாற்பத்தைந்து ஆகிறது. மாலையில் வீட்டுக்கு வந்து சாவியை வைக்கும்போது அந்தச் சத்தத்துக்கு யாராவது திரும்ப வேண்டும் என்று இருக்கிறது. அது நீயாக இருக்க வேண்டும் என்று இருக்கிறது. இதை எழுதிவிட்டேன், இனி அடித்துத் திருத்தமாட்டேன்.

ஆனால் நானாக வந்து உன் தோளை முட்டமாட்டேன். அப்படி வந்தால் ஆயுள் முழுக்க ஒவ்வொரு நாளும் உன் முதுகைப் பார்த்து அர்த்தம் படித்துக்கொண்டிருப்பேன். அது என்னால் ஆகாது. கூப்பிடு. வாயால், அல்லது எழுத்தால். ஒரு வரி போதும். மௌனமாக இருந்தால் இந்த முறை அதற்கு நான் உரை எழுதமாட்டேன். பதினைந்தாம் தேதி வெள்ளிக்கிழமை, பள்ளி முடிந்ததும் பத்திரத்தை வக்கீலிடம் கொடுத்துவிடுவேன்.

வெர்னா


நியூஹால்,
மார்ச் 12

அன்புள்ள வெர்னா,

ஐந்தாவது காகிதம் இது. முதல் நான்கிலும் மிருகங்கள் எல்லாம் சுகம் என்று எழுதிவிட்டு நின்றுவிட்டேன். எல்லாம் சுகம்தான். கழுதைக்கு மட்டும் குளம்பில் ஏதோ.

கடைக்காரர் ஹென்லியிடம் காலையில் தபால்தலை வாங்கினேன். "யாருக்குப்பா கடிதாசி? வருஷத்துக்கு ஒண்ணு எழுதுவ, ஒரு மாசத்துல மூணாச்சே" என்றார். "என் பொண்டாட்டிக்கு" என்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. நான்தான், "அவள வரச் சொல்லி எழுதப்போறேன்" என்றும் சொன்னேன். கடையில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாய்க்கு ரொட்டி வாங்கப் போனவன், வாங்காமலே வந்துவிட்டேன்.

வா, வெர்னா. வீட்டுக்கு வா. நீ இருக்க வேண்டும் என்று அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

வேலையை விட முடியாதென்றால் நான் அங்கே வருகிறேன். நாய்களுக்கு இடம் இருக்குமா என்று பார். ஆட்டை ஹென்லி எடுத்துக்கொள்வார். கழுதைக்குத்தான் யோசிக்க வேண்டும்.

இந்தக் கடிதம் வெள்ளிக்குள் உன் கைக்கு வருமா தெரியவில்லை. மூடுபனியில் மலைப்பாதையை மூடிவிட்டால் தபாலும் நிற்குமாம். பிந்தி வந்தாலும் படி. பத்திரம் போயிருந்தாலும் படி.

விசேலியாவிலிருந்து வரும் பஸ் இங்கே இரண்டரை மணிக்கு நிற்கிறது, மருந்துக்கடை முன்னால். எந்த நாள் என்று எழுத வேண்டாம். தினமும் இரண்டரைக்குத்தான்.

உன்,
ஆரின்