அஞ்சலி பேனரில் மாமனார்

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே வெயில் சுடுகிறது. துவைத்த துணி ஒரு மணி நேரத்தில் மொறமொறப்பு.

ஃபிளக்ஸ் கடைகளுக்கான பேனர் டிசைன் நான்கு புதிதாக ஏற்றினேன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனை, கண்ணீர் அஞ்சலி. லிங்க்கைத் தொட்டு அறுபது ரூபாய் கட்டினால் ஃபைல் தானாக இறங்கிவிடும். நடுவில் நான் வேண்டாம். கடையில் உட்கார்ந்து முதுகு போனதற்கு இது எவ்வளவோ தேவலை.

வியாழன் மாமனாருக்கு ஹெர்னியா ஆபரேஷன், கதிர்காமம் ஆஸ்பத்திரியில். இது மூன்றாவது தேதி. முதல் தடவை கிளம்பும்போது பல்லி கத்தியது, திரும்பிவிட்டார். அடுத்த தடவை தெருவில் ஒரு சாவு. இனியும் தள்ளினால் ஆபத்து என்று டாக்டர் சொல்லியாயிற்று. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார், பார்க்கப் பொறுக்கவில்லை.

வாங்க வேண்டியது: கைலி 2, பிளாஸ்க், பிரெட்.

ஜூன் 10, செவ்வாய்

அரியாங்குப்பத்திலிருந்து நாத்தனார் போன். ஒரே அழுகை. "அப்பாவுக்கு என்னாச்சி? எனக்கு ஏன் யாரும் சொல்லல?"

அப்பா ஹாலில் இட்லி தின்றுகொண்டிருந்தார்.

கடலூர்ப் பக்கம் ஒரு கடை, புது மாடல் வந்திருக்கிறது என்று என் அஞ்சலி டிசைனை ஸ்டேட்டஸில் போட்டிருக்கிறது. அது கைமாறிக் கைமாறிச் சொந்தக்காரர்கள் வரை போய்விட்டது. நடுவில் மாமனார். வெள்ளைச் சட்டை, விபூதி, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு.

என் வேலைதான். போட்டோ கட்டம் சரியாக வருகிறதா என்று பார்க்க அவர் படத்தை வைத்தேன். எடுக்காமலே ஏற்றிவிட்டேன். அறிவு இருக்கிறதா எனக்கு.

லிங்க்கை மூடினேன். ஆனால் அதற்குள் ஒன்பது பேர் வாங்கிவிட்டார்கள். இறங்கியது இறங்கியதுதான், திரும்பப் பிடுங்க முடியாது. ஒன்பது பேருக்கும் எழுதினேன்: பழையதை அழியுங்கள், புது ஃபைல் இலவசம்.

கடைக்காரரிடம் போனில்: "அண்ணே, அவரு உசுரோட இருக்காரு. எங்க மாமனாரு."

"அய்யய்யோ. இப்பவே எடுத்துடுறேம்மா. ஏதோ மாடல் ஆளுன்னு நெனச்சேன்."

வீட்டுக்காரர் ஒரே வரிதான் சொன்னார். "அப்பாவுக்குத் தெரிஞ்சா ஆபரேஷனுக்கு வரவே மாட்டாரு."

ஜூன் 11, புதன்

மாமனார் போனை ஒளித்து வைத்தேன். சார்ஜ் ஏறவில்லை என்று பொய்.

ஆறு பேர் பதில். அழித்துவிட்டார்களாம். மீதி மூன்று பேர் சத்தமில்லை.

சாயங்காலம் வாசலில் ஒருவர். மாமனாரோடு மில்லில் வேலை பார்த்தவர். கையில் ரோஜா மாலை. ஓடிப்போய் மடக்குவதற்குள் மாமனாரே வெளியே வந்துவிட்டார்.

"யாருக்குடா மாலை?"

வந்தவர் முழித்தார். பொய் வரவில்லை. "உனக்குத்தான்டா." தன் போனை எடுத்துக் காட்டியும்விட்டார்.

மாமனார் கண்ணாடி போட்டுக்கொண்டு, விரலால் பெரிதாக்கி, மேலிருந்து கீழ்வரை பார்த்தார். நான் கதவுக்குப் பின்னால். போச்சு, எல்லாம் போச்சு.

"யார் பண்ணது?"

"நாந்தான் மாமா. தெரியாம நடந்துபோச்சி."

உள்ளே போனார். ராத்திரி கஞ்சி மட்டும் குடித்தார்.

ஜூன் 12, வியாழன்

ஐந்தரைக்கு எழுந்தேன். மாமனார் குளித்துவிட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில்.

"செத்துட்டான்னு பொய்யா சேதி பரவுனா ஆயுசு கெட்டி. கண்டம் கழிஞ்சிது. ஆட்டோவ கூப்டு."

அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு பிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றினேன்.

பதினொன்றரைக்கு உள்ளே. ஒன்றேகாலுக்கு வெளியே. நல்லபடியாக முடிந்தது என்றார் டாக்டர். இரண்டு நாளாகத் தோளில் இருந்த மூட்டை இறங்கியது. கேன்டீனில் வடை இரண்டு தின்றேன்.

ஜூன் 13, வெள்ளி

வார்டில் ஃபேன் மெதுவாக ஓடுகிறது. மாமனாருக்கு இட்லி ஒன்றரை. மீதி மூன்று பேரும் அழித்துவிட்டதாகச் செய்தி. நிம்மதி.

மத்தியானம் பக்கத்தில் கூப்பிட்டார். திட்டு இப்போதுதான் வரப்போகிறது என்று நின்றேன்.

"அந்த பேனர்ல கீழ வரிசையா போட்டிருந்தியே. மகன், மகள், மருமகன், பேரப்புள்ளைங்க."

"அது சும்மா மாதிரிக்கு மாமா."

"மருமகள எங்க?"

பிளாஸ்க் மூடியைத் திருகினேன்.

"மாதிரின்னாலும் போடணும்மா. யாரு பார்த்துக்கினாங்கன்னு நாலு பேருக்குத் தெரிய வேணாமா?"

வீட்டுக்கு வந்ததும் ஃபைலைத் திறந்தேன். இடம் போதவில்லை. மற்ற எழுத்துகளைக் கொஞ்சம் சிறிதாக்கி, மகனுக்குப் பக்கத்திலேயே சேர்த்தேன்.