அண்டாவில் வெட்டிய பெயர்

டிசம்பர், வெள்ளிக்கிழமை இரவு

புயல் வெள்ளம் இன்னும் வடியவில்லை. பின்சந்துக் குழந்தைகள் காலையிலிருந்து பட்டினி. என் மாடியில் ஓர் அண்டா சாம்பார் சாதம் தயார். அதில் எந்தத் தலைவர் படத்தை ஒட்டுவது என்று தெருவின் இரு கட்சிக்காரர்கள், மூர்த்தியும் செல்வமும், சண்டை போட்டார்கள்.

"அரிசி எங்க கட்சிதும்மா!" என்றான் மூர்த்தி.

"சிலிண்டர் யார்து நைனா? உங்க தலைவரா தூக்கினு வந்தாரு?" என்றான் செல்வம்.

"அண்டாவுல எங்க வீட்டுக்காரர் பேர் வெட்டியிருக்கு. அது போதும். தூக்குங்க, ஆறிப்போகுது" என்றேன்.

செல்வம் சிரித்துவிட்டான். ஆளுக்கொரு பக்கம் பிடித்து முழங்கால் தண்ணீரில் இறங்கினார்கள். வடிகாலைத் தூர்வாராதது யார் ஆட்சியில் என்று சந்து முனை வரை கத்திக்கொண்டே போனார்கள். அண்டா சாயவில்லை.

காலி அண்டாவை இருவருமே தேய்த்துக் கொடுத்தார்கள். அடியில் கரி இருக்கிறது. நாளை ஒழுங்காகத் தேய்க்கச் சொல்ல வேண்டும்.